மண்ணெண்ணெய் எஞ்சினும் என் பேட்டரி வண்டியும்

அந்த மேனேஜர் மேல் எனக்கிருந்த கோபத்தை ஆற்றிக்கொள்ள நான் ஒருநாளும் முயன்றதில்லை. அது ஆறிவிடக் கூடாது என்றுதான் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். நடந்ததைச் சொன்னால் ஏன் என்று விளங்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் போகிற ரோட்டில் எங்கள் அத்தாவுக்கு ஒரு பேட்டரிக் கடை இருந்தது. லாரி, டிராக்டர் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவது, தட்டு மாற்றுவது, ஆசிட் ஊற்றுவது. எண்பதுகளின் நடுவில் நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் முடித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். வேலை எங்கும் கிடைக்காததால் அத்தாவின் கடையிலேயே ஒரு மூலையைத் தடுத்து, எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்ட உட்கார்ந்தேன். முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிறகு மோட்டாரோடு வந்தார்கள். நான் கட்டிய காயில் சீக்கிரம் எரியாது என்று பேர் வந்தது.

அந்தப் பேரால்தான் ராஜபாளையத்து முதலாளி ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு நூல்மில்லும் அதோடு ஒரு ஐஸ் பேக்டரியும் உண்டு. ஐஸ் பேக்டரியின் பம்ப் மோட்டார்களை இரண்டு மூன்று தடவை நான் கட்டிக் கொடுத்திருக்கிறேன். தொண்ணூற்றிரண்டோ மூன்றோ, அந்த வருஷம் அவர் வெளிநாடு போய்வந்திருந்தார். அங்கே ஒரு பெரிய கூடத்தில் பனித்தரை போட்டு, காலில் கத்தி வைத்த பூட்ஸ் மாட்டி ஜனங்கள் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறார். ஐஸ் பேக்டரியை ஒட்டிப் பஞ்சு குடோன் ஒன்று காலியாகக் கிடந்தது. கோடை விடுமுறைக்கு அதில் ஒரு பனித்தரை போட்டால் என்ன என்று தோன்றிவிட்டது.

போட்டும்விட்டார். குடோன் தரையில் மணல் பரப்பி, இரும்புக் குழாய்களை நெருக்கமாகப் பதித்து, பேக்டரியின் உப்புத்தண்ணீரைக் குளிரவைத்து அதற்குள் ஓடவிட்டு, மேலே நல்ல தண்ணீரைத் தேக்கி உறையவைத்தார்கள். குளிர் தப்பாமலிருக்கச் சுவரிலும் கூரையிலும் தெர்மாகோல் ஒட்டினார்கள். சரக்கு ஏற்றி இறக்கும் பெரிய ஷட்டரைக் கோணிச்சாக்கு வைத்து அடைத்தார்கள். ஆள் போகவர ஒரே ஒரு சின்னக் கதவு, அதற்கும் இரட்டைத் திரை. வெளியே வெயிலில் தார் இளகும். உள்ளே மூச்சுவிட்டால் வாயில் புகை வரும். ஊரே அதிசயப்பட்டது.

ஆனால் ஒரு மணி நேரம் ஜனங்கள் பூட்ஸ் போட்டு நடந்தால் அந்தத் தரை உழுத வயல் மாதிரி ஆகிவிடும். மேடுகளைச் சீவி, சீவலை அள்ளி, மேலே மெல்லியதாக வெந்நீரை ஓட்டினால்தான் மறுபடி கண்ணாடி ஆகும். வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு வண்டி இருக்கிறதாம். அதை வாங்கக் கட்டாது என்று முதலாளி உள்ளூரிலேயே செய்யச் சொன்னார். சீவுகிற கத்தி, தண்ணீர்த் தொட்டி, பின்னால் இழுபடுகிற துணி, இதெல்லாம் யாரும் செய்துவிடலாம். அந்த வண்டியை எதைக்கொண்டு ஓட்டுவது என்பதுதான் கேள்வி.

"நீ படிச்ச பிள்ள. எதுல ஓட்டுனா நல்லது, எதுல ஓட்டுனா கெட்டதுன்னு வெவரமா எழுதிக் குடும்மா" என்றார் முதலாளி. பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அவருடைய மச்சான் ராஜபாளையத்தில் பம்ப்செட் எஞ்சின் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

கார்பன் தாள் வைத்து ஆறு பக்கம் எழுதினேன். வயர் போட்டு மோட்டாரில் ஓட்டலாம். ஆனால் ஈரத்தரையில் வயர் இழுபடும், தோல் உரிந்தால் ஆள் செத்துப்போவார். கரண்டு போனால் வண்டி நடுத்தரையில் நிற்கும். சமையல் கேஸ் சிலிண்டரில் ஓட்டலாம். வீட்டு அடுப்புக்கே சிலிண்டர் கிடைக்காத காலத்தில் இதற்கு எங்கே போவது? மண்ணெண்ணெய் எஞ்சினில் ஓட்டலாம். பலமுண்டு, செலவு கம்மி, எந்த மெக்கானிக்கும் பழுது பார்ப்பான். ஆனால் அடைத்த கூடத்துக்குள் எஞ்சின் ஓட்டவே கூடாது. பேட்டரியில் ஓட்டலாம். கனம் அதிகம், ஆனால் சீவுகிற கத்திக்கு அந்தக் கனம் நல்லது. குளிரில் பேட்டரியின் சக்தி கொஞ்சம் குறையும், அதனால் ஒன்று கூடுதலாக வைக்க வேண்டும். விடிய விடியச் சார்ஜில் போட வேண்டும், அதுவும் காற்றோட்டமான இடத்தில். புகை கிடையாது.

எஞ்சின் புகையைப் பற்றி மட்டும் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியிருந்தேன். அது புத்தகத்தில் படித்தது மட்டுமல்ல. ஒரு மழைநாளில் கடைக்குள்ளேயே ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு அத்தாவும் நானும் கதவைச் சாத்தி வேலை பார்த்தோம். அரை மணியில் தலை பிளந்தது. அத்தா எழுந்தவர் அப்படியே சரிந்தார். நான் தவழ்ந்துபோய்க் கதவைத் திறந்ததால் பிழைத்தோம். எஞ்சின் புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசமில்லை. அதை அன்று என் தலையே அறிந்துகொண்டது.

எழுதியதை முதலாளிக்கென்று மேனேஜரிடம் கொடுத்ததோடு நிற்கவில்லை, பேட்டரி வண்டி ஒன்றை நானே செய்தேன். கத்தியின் சாய்வு மட்டும் சரியாக வர மூன்று வாரம் ஆனது. தொட்டியிலிருந்து தண்ணீர் ஒரே சீராகச் சொட்ட, துளை போட்ட குழாய் ஒன்றைக் குறுக்கே வைத்தேன். இரண்டு நாள் குடோனில் ஓட்டிப் பார்த்தேன், வழவழவென்று சீவியது. மூன்றாம் நாள் முதலாளி பார்க்க வருவதாக ஏற்பாடு. முந்தின சாயங்காலம் பேட்டரிகளை ஐஸ் பேக்டரி வராந்தாவில் சார்ஜில் போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன்.

காலையில் போனபோது மேனேஜர் வாசலிலேயே நின்றார். "மொதலாளி வந்து எம்புட்டு நேரமாச்சு! ஏத்து, ஏத்து, சீக்கிரம்" என்று பறந்தார். சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று ஆசிட்டின் கனத்தை அளந்து பார்க்காமல் எந்தப் பேட்டரியையும் நான் மாட்டியதில்லை. அன்று அளக்கவில்லை. அது என் தப்பு, இன்றும் அதற்காக என்னையே திட்டிக்கொள்கிறேன்.

வண்டி கால்வாசித் தரைகூடத் தாண்டவில்லை. முனகியது, இழுத்தது, நின்றது. முதலாளி, மில் ஆபீஸ்காரர்கள், பூட்ஸ் எடுத்துக் கொடுக்கிற பெண்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் குனிந்து ஒரு பேட்டரியைத் தட்டினார்.

"நாஞ் சொல்லல? பழைய லாரி பேட்டரிக்குப் பெயிண்ட் அடிச்சுப் புதுசுன்னு கொண்டாந்து வச்சிருக்கா. அத்தாவும் மகளும் பொழைக்கிற பொழப்பே இதுதான மொதலாளி."

நான் வாய் திறப்பதற்குள் முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தை ராஜபாளையத்திலிருந்து எங்கள் கடைக்கு என்னைவிட வேகமாக வந்து சேர்ந்தது. லாரிக்காரர்கள் பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர் நகத்தால் பெயிண்டைச் சுரண்டினார். வழக்கமான ஆட்கள் தாண்டிப்போய் வேறு கடையில் நின்றார்கள்.  பள்ளிவாசலில் முன்வரிசையில் நின்று தொழுகிற அத்தா கடைசி வரிசைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட நாளில்தான் அந்த ஆளை விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

பத்து நாள் கழித்து குடோனில் பூட்ஸ் எடுத்துக் கொடுக்கிற பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். செட்டியார்பட்டிக்காரி. வெள்ளிக்கிழமை ஆண்டாளைக் கும்பிட வந்த இடத்தில் என்னைத் தேடி வந்திருந்தாள்.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிராதீக. அன்னைக்குச் சாயங்காலம் நீங்க போனதுமே சார்ஜர ஆஃப் பண்ணிட்டாவ. மேனேஜர்தான் வாட்ச்மேன்ட்டச் சொன்னாவ. நான் கூட்டிக்கிட்டிருந்தேன், எங் காதால கேட்டேன்."

"இப்ப எதுல ஓட்டுதாக?"

"அவிய மச்சான் எஞ்சின் வண்டி கொண்டாந்துருக்காரு. அச்சு அசலு ஒங்க வண்டிதான்க்கா. கத்தி, கொழாயி எல்லாம் அப்பிடியே. பேட்டரி இருந்த எடத்துல எஞ்சின் இருக்கு."

"பொகை?"

"பொகையத் தண்ணிக்குள்ள விட்டு வடிகட்டியாச்சாம். கண்ணுக்கே தெரியல."

தண்ணீர் கரியைப் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாததைப் பிடிக்காது. நான் எழுந்துபோய்ப் பெட்டியில் கார்பன் பிரதியைத் தேடினேன். ஆறு பக்கமும் பத்திரமாக இருந்தன. நான்காம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்: மூடிய கூடத்தில் எஞ்சின் ஓட்டினால் உள்ளே இருப்பவர்கள் மயங்கி விழுவார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அவள் வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது.

"தல விண்ணு விண்ணுன்னு தெறிக்கிக்கா. கொமட்டுது. வெளிய வந்து செத்த நேரம் நின்னா சரியாயிருது. குளுருதான் ஒத்துக்கலங்காவ."

இந்த இடத்தை மறைக்காமல் எழுத வேண்டும். அவள் அப்படிச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. வந்துவிட்டது, நான் எழுதியது வந்துவிட்டது என்று. அன்றே முதலாளியிடம் போயிருக்கலாம். அவளிடமாவது காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான்கு சுவருக்குள் முதலாளியிடம் சொன்னால் மேனேஜர் சிரித்து மழுப்பிவிடுவார். எனக்கு அவர் விழ வேண்டும், கூட்டத்துக்கு நடுவில் விழ வேண்டும்.

"வண்டி ஓடுறப்ப மட்டும் நீ வெளிய வந்து நில்லுட்டி" என்றேன்.

"விட மாட்டாவக்கா" என்றாள்.

நான் திரும்பிக் காயில் சுற்ற ஆரம்பித்தேன்.

விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். அன்று தேவதானத்திலிருந்தும் கிருஷ்ணன்கோவிலிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள், முதலாளியும் விருந்தாளிகளைக் கூட்டிவருவார், அரை மணிக்கொரு தரம் எஞ்சின் ஓடும் என்று தெரியும். கைப்பையில் கார்பன் பிரதியை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி நல்ல சேலை கட்டியிருந்தேன். என்னைப் பார்த்ததும் மேனேஜர், "என்னம்மா, நல்ல வண்டி எப்பிடி ஓடும்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தியா?" என்றார். "ஆமா சார், அதப் பாக்கத்தான் வந்தேன்" என்றேன்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. பூட்ஸ் மேஜைக்குப் பின்னால் செட்டியார்பட்டிக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் சொருகியிருந்தது.

"ஏட்டி, வெளிய போ. இப்பவே போ" என்றேன்.

"இம்புட்டுக் கூட்டத்துல எப்பிடிக்கா…" என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

எஞ்சின் கிளம்பியது. ஜனங்களைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒதுக்கிவிட்டு மச்சானே ஓட்டினார். மூன்றாவது சுற்றில் பேன்ட் சட்டை போட்ட ஒருவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒரு அம்மா மடியிலேயே வாந்தியெடுத்தாள். இன்னும் செத்த நேரம், இன்னும் செத்த நேரம் என்று என் மனசு எண்ணிக்கொண்டிருந்தது. அப்போது மேஜைக்குப் பின்னால் பூட்ஸ் அடுக்கு சரிகிற சத்தம் கேட்டது. அவள் விழுந்திருந்தாள். வாய் கோணியிருந்தது.

என் எண்ணிக்கை அத்தோடு நின்றது. "எஞ்சின நிப்பாட்டுங்க! ஷட்டரத் தெறங்க! எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினேன். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு பனித்தரையில் ஓடி, வழுக்கி விழுந்து, எழுந்து, எஞ்சினின் பிளக் வயரைப் பிடுங்கினேன். ஷாக் தோள்வரை அடித்தது. பிறகு ஷட்டரை அடைத்திருந்த சாக்குகளை இழுத்தேன். விருந்தாளிகளைக் கூட்டிவந்த கார் டிரைவர் ஒருவர் கூடச் சேர்ந்தார். ஷட்டரை முழங்கால் உயரம் தூக்கியபோது பின்னாலிருந்து மேனேஜரின் குரல் வந்தது.

"ஷட்டரத் தெறக்காதிய! பனி அம்புட்டும் உருகிரும்! தெறக்காதியங்கேன்!"

முதலாளி அவருக்கு ரெண்டடி தள்ளித்தான் நின்றார். அவர் காலடியில் அந்த வாந்தியெடுத்த அம்மா கிடந்தாள். முதலாளி திரும்பி மேனேஜரைப் பார்த்த பார்வையை நான் கண்ணாரப் பார்த்தேன். பிறகு அவரே வந்து ஷட்டரில் கை கொடுத்தார்.

ஏழெட்டுப் பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆக்சிஜன் வைத்ததும் ஒவ்வொருவராகத் தெளிந்தார்கள். வாரக்கணக்கில் அதைச் சுவாசித்தவள் செட்டியார்பட்டிக்காரி. அவள் கண் திறக்கச் சாயங்காலம் ஆனது. அதுவரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்த முதலாளியிடம் கார்பன் பிரதியைக் கொடுத்தேன். நான்காம் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"இது எனக்கு வரவே இல்லியேம்மா. எனக்கு டைப் அடிச்ச மூணு தாள்தான் வந்துச்சு. பேட்டரி சரிவரலன்னா எஞ்சின்தான் நல்லதுன்னு நீ எழுதுனதா இருந்துச்சு."

மேனேஜரைக் கூப்பிட்டுத் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஏமய்யா இதி?" என்று தெலுங்கில் கேட்டார். என்னய்யா இது என்ற அந்த ஒரு கேள்விதான்.  வாட்ச்மேனையும் கூப்பிட்டு விசாரித்தார். சார்ஜர் விஷயம் வெளியே வந்தது.

"நாளையிலருந்து இவன் வேலைக்கு வர மாட்டான். போதுமாம்மா?" என்றார் முதலாளி.

"போதாது" என்றேன். "அவிய எங்க கடை வாசலுக்கு வரணும். எங்கத்தாவப் பத்திச் சொன்ன வார்த்தைய, நாலு பேரு கேக்க இல்லன்னு சொல்லணும். பொறவு வேலைய விட்டு அனுப்புங்க."

செவ்வாய்க்கிழமை காலை அவரை முதலாளியே காரில் கூட்டிவந்தார். லாரிக்காரர்கள், எதிர் டீக்கடைக்காரர், பள்ளிவாசல் ஆட்கள், எல்லாருக்கும் நான் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தேன். அத்தா பதறிப்போய் ஸ்டூலை நகர்த்தி, "உக்காருங்க சார்" என்றார். நான் ஒரு லாரி பேட்டரியைத் தூக்கி அந்த ஸ்டூலின் மேல் வைத்தேன்.

மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"கேக்கல" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். பேட்டரி புதுசுதான், நான் தப்பாச் சொல்லிட்டேன் என்று.

"டீக்கடைக்குக் கேக்கல சார். சார்ஜர யாரு ஆஃப் பண்ணச் சொன்னா? அதயும் சேத்துச் சொல்லுங்க."

அத்தா என் கையைப் பிடித்தார். "போதும்மா, விட்ரு. அல்லா பாத்துக்குவான்."

நான் விடவில்லை. மூன்றாவது தடவை அவர் சொன்னபோது குரல் உடைந்து ரோட்டைத் தாண்டிக் கேட்டது. நெற்றியில் வேர்வை ஓடியது, சட்டைப் பையில் ஒரு பேனா மை கசிந்து நீலமாகப் படர்ந்திருந்தது. அந்தக் கறையை நான் ஆசை தீரப் பார்த்தேன். அந்த வாரமே லாரிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். வெள்ளிக்கிழமை அத்தா முன்வரிசையில் நின்றார்.

என் பேட்டரி வண்டி அதற்குப் பிறகு இரண்டு கோடைகள் அந்தக் குடோனில் ஓடியது. ஷட்டருக்கு மேலே காற்றுப்போக்கி வைத்த பிறகுதான் ஓட்ட ஒப்புக்கொண்டேன். பின்னால் தரைக்குழாய்கள் உப்பில் அரித்து ஒழுக ஆரம்பித்தன. முதலாளி அலுத்துப்போய் மறுபடி பஞ்சு அடுக்கிவிட்டார். நான் மில்களுக்குப் பேட்டரித் தள்ளுவண்டி செய்ய ஆரம்பித்தேன். பஞ்சு குடோனில் நெருப்புப்பொறி பறக்கிற எஞ்சின் ஆகாது என்பதால் கேட்டு வாங்கினார்கள்.

செட்டியார்பட்டிக்காரி தேறிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தாள். பழம் வாங்கி வந்திருந்தாள், உயிரைக் காப்பாற்றினேன் என்று. உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்:

"அக்கா, எனக்குத் தலவலிக்கின்னு நான் வந்து சொன்னேன்ல, அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல நாக்கு எழுந்தது. சொல்ல முடியவில்லை.

"தெரியும்" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லக்கா. நான் வேலைக்குப் போயிருக்க மாட்டேன்" என்றாள். வாங்கி வந்த பழத்தை வைத்துவிட்டுத்தான் போனாள். அதன் பிறகு கடைப்பக்கம் வரவில்லை. வருஷங்கள் கழித்து டவுன் பஸ்ஸில் ஒரு தடவை பார்த்தேன். நான் ஏறியதைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்வரை திரும்பவில்லை. 

மேனேஜர் விஷயம் வேறு. அவர் தென்காசிப் பக்கம் ஏதோ கடையில் கணக்கெழுதுவதாகச் சொன்னார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அத்தா மௌத்தானபோது எப்படியோ தெரிந்து வந்திருந்தார். ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துப்போக வந்த கூட்டத்துக்கு வெளியே, தெருவோரத்தில், கையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றார். நல்லா மெலிந்திருந்தார். ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன்.

"பாவம், வெயில்ல நிக்காரு. ஒங்கத்தா மொகத்தப் பாக்க வந்துருக்காரு. உள்ள கூப்பிடச் சொல்லட்டுமா?" என்று அம்மா கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன்.

அவர் நல்ல மனசோடுதான் வந்திருப்பார் என்று அம்மா பிறகும் பல தடவை சொன்னாள். இருக்கலாம். நானும் அதை மறுத்ததில்லை. ஜனாஸா தெருமுனை திரும்பும்வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். ஒரு வாய் தண்ணீர்கூட அவருக்கு எங்கள் வீட்டிலிருந்து போகாமல் நான் பார்த்துக்கொண்டேன்.